கடன் வாங்கிய நிலநடுக்கம்: குழாய்களுக்கான ரெஸ்பொன்ஸ் ஸ்பெக்ட்ரம் கணக்கும் வன்னி மண்ணும்

2024 ஜூன் 18ஆம் திகதி இரவு வவுனியாப் பக்கம் நிலம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் அதனை 2.3 ரிக்டர் என அறிவித்தது. அந்தளவு அதிர்வில் அலுமாரியில் இருக்கும் கோப்பைகூட விழாது. ஆனால் எங்கள் பக்கத்து மனிதர்கள் நில அதிர்வை எண்ணால் அளப்பதில்லை. தரை நடுங்கினால் உடம்பு முதலில் ஷெல் என்றுதான் நினைக்கும். நிலநடுக்கம் என்ற சொல் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

செய்தியைப் பார்த்துவிட்டுக் கட்டாரில் இருந்து என் சித்தியின் மகன் அழைத்தான். 2009இல் பத்து வயதுப் பிள்ளையாக மெனிக் பாமில் தண்ணீருக்குப் போத்தலோடு வரிசையில் நின்றவன். இப்போது அங்கே ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் குழாய்த் தகைப்புக் கணக்குப் பார்க்கிறான். எல்லோரும் சுகமா என்று கேட்ட பிறகு அவன் கேட்டது இதுதான்: "அக்கா, எங்கட ஊருக்கு எந்த ஸ்பெக்ட்ரம் போடுறது?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஊடகக் கற்கை படித்தவளுக்கு ஸ்பெக்ட்ரம் என்றால் வானொலி அலைவரிசை. அவன் கேட்டது வேறு. கேள்வி விளங்குவதற்கே எனக்குப் பல வாரங்கள் எடுத்தன. விளங்கிய பிறகு, அது குழாய் வேலை செய்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல என்று பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தடியும் களிமண் உருண்டையும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் விழுந்து கிடந்த நீர்த்தாங்கியை வன்னியில் காணாதவர் குறைவு. 2009 ஜனவரி 2ஆம் திகதி நகரம் இராணுவத்தின் வசமாவதற்கு முன்னர், போர் நெருங்கிய நாட்களில் அது வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. போருக்குப் பிறகு பல ஆண்டுகள் தெற்கிலிருந்து வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படமெடுத்தார்கள். அந்த அரசியலை இங்கே விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது அதன் வடிவம். மேலே பெரும் பாரம், கீழே அதைத் தாங்கும் தண்டு. தலைகீழாக நிறுத்திய ஊசல்.

நிலநடுக்கப் பொறியியலில் மாணவர்கள் முதலில் வரையும் படமும் அதுதான். ஒரு தடி, நுனியில் ஒரு திணிவு. அடியைப் பிடித்து அசைத்தால் நுனி தனக்கே உரிய ஒரு வேகத்தில் ஆடும். ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் அதன் அலைவு காலம். பாரம் கூடினால் அந்த நேரம் நீளும். தண்டு விறைப்பாக இருந்தால் குறையும். கமுகு மெதுவாகச் சாய்ந்து எழுவதையும் வேலிக் கதியால் படபடவென்று அதிர்வதையும் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி ஒரு பலகையில் நீளம் வேறு வேறான இருபது தடிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு களிமண் உருண்டையை வையுங்கள். ஒரு நிலநடுக்கம் எப்படி அசைத்ததோ அப்படியே பலகையை அசையுங்கள். எல்லாத் தடிகளும் ஆடும். ஆனால் ஒரே அளவில் ஆடா. பலகையின் அசைவோடு தாளம் ஒத்துப்போகிற தடி மிக அதிகமாக ஆடும். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள் இதைப் பரிவு என்று அறிவார்கள். ஒவ்வொரு தடியும் அடைந்த உச்ச ஆர்முடுகலை மட்டும் குறித்துக்கொண்டு, கிடையச்சில் அலைவு காலத்தையும் நிலைக்குத்தச்சில் அந்த உச்சத்தையும் வைத்து வரைபு வரைந்தால் கிடைப்பதுதான் ரெஸ்பொன்ஸ் ஸ்பெக்ட்ரம். தமிழில் துலங்கல் நிறமாலை என்கிறார்கள். வேலைத்தலத்தில் எல்லோரும் ஸ்பெக்ட்ரம் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த எண்ணத்தை 1932இல் அமெரிக்காவின் கால்டெக்கில் தனது ஆய்வேட்டில் முன்வைத்தவர் மோரிஸ் பயோ. பின்னர் ஹவுஸ்னர், நியூமார்க் போன்றவர்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1940 மே 18ஆம் திகதி கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் கருவியில் பதிவான நிலநடுக்கம் அவர்களுக்குப் பெரும் துணையாக இருந்தது. அந்தப் பெயர் மீண்டும் வரும்.

ஸ்பெக்ட்ரம் எதை மிச்சப்படுத்துகிறது? நிலநடுக்கம் முப்பது நாற்பது செக்கன்கள் நீடிக்கலாம். ஒவ்வொரு நூறிலொரு செக்கனுக்கும் குழாயின் நிலையைக் கணக்கிடுவது பெரிய வேலை. ஸ்பெக்ட்ரம் இருந்தால் அது வேண்டியதில்லை. குழாயின் அலைவு காலங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் வரைபில் உச்சத்தை வாசித்து, முறைப்படி சேர்த்தால் போதும். நேரம் என்ற பரிமாணம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. அதோடு வேறொன்றும் விழுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மென்பொருளுக்குள்

குழாய்த் தகைப்புக்கு உலகில் அதிகம் பாவனையில் உள்ளவை சீசர் டூ, ஓட்டோபைப், ரோர் டூ போன்றவை. பட்டன்களின் பெயர்கள் மாறும், வேலையின் ஒழுங்கு பெரிதும் மாறாது. தம்பி திரையைப் பகிர்ந்து காட்டியதை, நான் எழுதிவைத்த கொப்பியிலிருந்து தருகிறேன்.

முதலில் நிலநடுக்கமே கிடையாது. குழாயை அதன் விட்டம், சுவர்த் தடிப்பு, உள்ளே ஓடும் திரவம், வால்வுகளின் பாரம், சப்போட்கள் எல்லாவற்றுடனும் வரைந்து, நிறை, அமுக்கம், வெப்பம் ஆகியவற்றுக்கான நிலையியல் கணக்கை முடிக்க வேண்டும். அதில் பிழையிருந்தால் மேலே கட்டுவதெல்லாம் பிழை. வால்வு ஒன்றின் நிறையைப் போட மறந்தால் நிலையியல் கணக்கில் சிறிய வித்தியாசம்தான் தெரியும். அசைவியல் கணக்கிலோ அந்த வால்வு இல்லாத வேறொரு குழாய் ஆடும்.

அடுத்து திணிவுப் புள்ளிகள். மென்பொருள் குழாயைத் தொடர்ச்சியான பொருளாகப் பார்ப்பதில்லை. நாம் வைத்த புள்ளிகளில் திணிவைக் குவித்து வைக்கிறது. இரண்டு சப்போட்களுக்கு இடையில் புள்ளியே இல்லாவிட்டால் அந்த இடைவெளிக்கு ஆடத் தெரியாது. புதியவர்கள் அதிகம் விழும் குழி இது என்றான். நிலையியலுக்கு நீளமான ஒரு துண்டு போதும். அசைவியலுக்கு அதை மூன்று நான்காக உடைக்க வேண்டும்.

பிறகு சப்போட்கள். உண்மையான சப்போட்டில் இடைவெளி இருக்கும், உராய்வு இருக்கும். குழாய் மேலே எழலாம், கீழே இறங்க முடியாது. ஸ்பெக்ட்ரம் கணக்குக்கு இவை எதுவும் விளங்காது. அது நேர்கோட்டுக் கணக்கு. ஒரு சப்போட் ஒன்றில் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. ஆகவே எந்த நிலையியல் நிலைமையில் சப்போட்கள் இருந்ததாக எடுத்துக்கொள்வது என்று நாம் சொல்ல வேண்டும். சூடான குழாய் இயங்கும் நிலையில் ஒரு சப்போட்டிலிருந்து சற்று எழும்பி நின்றால், அந்தச் சப்போட் கணக்கில் இல்லாமலே போய்விடும். வழமையாக இயங்கும் நிலையையே தெரிவு செய்கிறார்கள். ஆனால் தெரிவு செய்துவிட்டு எந்தச் சப்போட் கழன்றது என்று பார்ப்பவர்கள் குறைவு.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஸ்பெக்ட்ரம். வரைபின் கிடையச்சு அலைவு காலமா மீடிறனா, நிலைக்குத்தச்சு ஆர்முடுகலா வேகமா இடப்பெயர்ச்சியா, புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் போவதா மடக்கை அளவில் போவதா என்று சொல்லிவிட்டு எண்களை இடுகிறோம். இங்கேதான் 9.81 என்ற எண் ஆட்களைக் கவிழ்க்கிறது. புவியீர்ப்பின் மடங்காகக் கொடுக்க வேண்டிய இடத்தில் வேறு அலகில் கொடுத்தாலோ, மாறிச் செய்தாலோ, விடை பத்து மடங்கு பிசகும். பத்து மடங்கு கூடினால் யாராவது கவனிப்பார்கள். பத்து மடங்கு குறைந்தால் அறிக்கை முழுவதும் பச்சை நிறத்தில் வரும், ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

தணிப்பு வீதத்தையும் பார்க்க வேண்டும். கட்டட நியமங்களில் உள்ள வரைபுகள் பெரும்பாலும் 5 வீதத் தணிப்புக்கு வரையப்பட்டவை. உருக்குக் குழாய் அதைவிடக் குறைவாகவே தன் அசைவைத் தணிக்கும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2007இல் திருத்திய வழிகாட்டி, பெரிய நிலநடுக்கத்துக்குக் குழாய்களுக்கு 4 வீதத்தையும் சிறியதற்கு 3 வீதத்தையும் ஏற்கிறது. தணிப்புக் குறைந்தால் ஆட்டம் கூடும். கட்டட வரைபை அப்படியே குழாய்க்குப் போடுவது குழாய்க்குச் சலுகை கொடுப்பதாகும்.

மீடிறன் எல்லை பெரும்பாலும் 33 ஹேர்ட்ஸ். அதற்கு மேல் குழாய் தனித்து ஆடாமல் நிலத்தோடு ஒட்டியே அசையும் என்பது கணக்கு. ஆனால் அந்த எல்லையில் வெட்டும்போது, சப்போட்டுக்கு அருகில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் திணிவுகள் கணக்கிலிருந்து நழுவிவிடும். அவற்றைத் திரும்பச் சேர்க்கும் தெரிவு எல்லா நல்ல மென்பொருளிலும் உண்டு. அதை ஒருபோதும் அணைத்து வைக்காதே என்பது தம்பிக்கு அவனுடைய மூத்த பொறியியலாளர் சொன்ன முதல் பாடம். கணக்கு முடிந்ததும் பார்க்க வேண்டிய முதல் எண்ணும் இதனோடு சேர்ந்ததுதான்: ஒவ்வொரு திசையிலும் மொத்தத் திணிவில் எத்தனை வீதம் பங்கேற்றது? 90 வீதத்துக்குக் குறைந்தால் தகைப்பு அட்டவணையைத் திறக்கவே வேண்டாம்.

ஒவ்வோர் அலைவு முறையும் ஒவ்வோர் உச்சத்தைத் தரும். எல்லா உச்சமும் ஒரே கணத்தில் வரா. அதனால் அவற்றை நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். இரண்டு முறைகளின் மீடிறன்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருந்தால், அதாவது 10 வீதத்துக்குள் இருந்தால், அவை ஒன்றாகவே ஆடக்கூடும். அதற்கு வேறு சூத்திரம் உண்டு. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, மேல் கீழ் என்ற மூன்று திசைகளையும் இவ்வாறே சேர்க்கிறார்கள்.

முன்னர் விட்டு வைத்ததை இங்கே சொல்ல வேண்டும். வர்க்கமூலம் எடுத்தவுடன் நேர், மறை அடையாளங்கள் மறைந்துவிடுகின்றன. விடையில் எல்லா எண்ணும் நேர் எண். பம்பியின் வாயை 3 கிலோநியூட்டன் தள்ளுகிறதா இழுக்கிறதா என்று அந்த அட்டவணை சொல்லாது. ஆகவே நிலையியல் விசையோடு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை கழித்தும் பார்க்க வேண்டும். கழிக்கும்போதுதான் சப்போட்டிலிருந்து குழாய் மேலே கிளம்புமா என்பது தெரியும். கடைசியில் நிறை, அமுக்கத் தகைப்போடு நிலநடுக்கத் தகைப்பைச் சேர்த்து நியமத்தின் எல்லையோடு ஒப்பிடுவார்கள். தொழிற்சாலைக் குழாய்களுக்கான அமெரிக்க நியமமான பி31.3, இப்படி எப்போதாவது வரும் சுமைகளுக்குச் சாதாரண எல்லையின் 1.33 மடங்கை அனுமதிக்கிறது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. ஸ்பெக்ட்ரம் பெட்டியில் எந்த வரைபைப் போடுவது? சீசர் டூவில் அந்த இடத்தைத் திறந்தால் ஏற்கனவே சேமித்து வைத்த சில வரைபுகள் வரும். அவற்றில் ஒன்று எல் சென்ட்ரோ. பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகள் அதைத் தெரிவு செய்து, ஓடவிட்டு, வண்ணப் படம் வந்ததும் மகிழ்ந்துவிடுகிறார்கள். தம்பியும் அப்படித்தான் படித்தான். கலிபோர்னியாவில் 1940இல் நிலம் ஆடிய விதம் அது. வன்னிக்கு அது சொல்லக்கூடியது எதுவுமில்லை.

ஒரு சிறு கணக்கு

ஆகவே அவன் வன்னிக்கென்று ஒரு பொம்மைக் கணக்குச் செய்தான். எண்கள் கற்பனை, சூத்திரங்கள் உண்மை. நிரம்பிய நிலையில் 600 தொன் திணிவுள்ள ஒரு உயர் நீர்த்தாங்கி. தண்டின் விறைப்பு மீற்றருக்கு 24,000 கிலோநியூட்டன். தொட்டிக்குள் நீர் தளும்புவதை விட்டுவிட்டால் அலைவு காலம் 0.99 செக்கன்.

வரைபை இந்திய நியமமான ஐஎஸ் 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தான். எங்களுக்கு எதிர்க்கரையான இராமநாதபுரம் அதன் வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள இரண்டாம் வலயத்தில் வருகிறது. வலயக் காரணி 0.10. கணக்கில் அதன் பாதியைப் பெருக்க வேண்டும். நடுத்தர மண்ணில் 0.99 செக்கனுக்கு வரைபு தரும் மடங்கு ஏறக்குறைய 1.37. பெருக்கினால் புவியீர்ப்பின் 0.069 பங்கு. தாங்கியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஏறத்தாழ 41 தொன் நிறைக்குச் சமன். தாங்கியின் தலை 17 மில்லிமீற்றர் நகரும்.

தொட்டி வெறுமையாகி 250 தொன்னாகக் குறைந்தால்? அலைவு காலம் 0.64 செக்கனாகச் சுருங்கும். வரைபில் அந்த இடம் உயரம் கூடியது. ஆர்முடுகல் 0.106 பங்காக ஏறும். ஆனால் திணிவு குறைந்ததால் விசை 27 தொன்னாக இறங்கும். ஒரே தாங்கிக்குக் காலையில் ஒரு கணக்கு, பின்னேரம் இன்னொரு கணக்கு.

குழாய்க்காரருக்கு இதில் வேண்டிய எண் 17 மில்லிமீற்றர்தான். தாங்கிக்கு நீரேற்றும் குழாயின் அடி நிலத்தில் பிடிபட்டிருக்கிறது, தலை தாங்கியோடு கட்டப்பட்டிருக்கிறது. அடி நிற்க, தலை ஒரு விரல் பருமனுக்கு நகரும். குழாய் நேராக, இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அந்த நகர்வு முழுவதையும் ஃபிளாஞ்சோ பற்றவைத்த மூட்டோ வாங்க வேண்டும். இதை மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தோடு சேர்க்காமல், தனியாக ஒரு சப்போட் நகர்வுச் சுமையாகக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் கணக்கு குழாய் தானாக ஆடுவதை மட்டும் பார்க்கும். அது பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கும். நல்ல பற்றவைப்புள்ள உருக்குக் குழாய்கள் தங்கள் சொந்த ஆட்டத்தால் உடைவது அரிது. இரு முனைகளும் வேறு வேறாக நகரும்போது, துருப்பிடித்த இடத்திலும் புரி போட்ட மூட்டிலும் வார்ப்பிரும்பிலும்தான் உடைகின்றன.

எங்கள் பாறை, எங்கள் மணல்

மேலே நடுத்தர மண் என்று எழுதினேன். அந்தச் சொல்லை யார் தீர்மானிப்பது?

இலங்கையின் அடித்தளப் பாறைகளைப் புவியியலாளர்கள் நான்கு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே வன்னித் தொகுதி. எங்கள் பெயர் அந்தத் துறையின் உலக ஆய்வேடுகளில் இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் எத்தனை பேருக்கு அது சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பது வேறு கதை. வவுனியாவில் கிணறு வெட்டியவர்களுக்குப் பாறை எவ்வளவு விரைவில் தட்டுப்படும் என்று தெரியும். வடக்கே போகப் போக சுண்ணாம்புக்கல் வருகிறது. முல்லைத்தீவுக் கரையோரம் மணலும் களப்பு மண்ணும்.

அதே தாங்கியைப் பாறையில் வைத்தால், அதே நியமத்தின்படி தலை 12 மில்லிமீற்றர் நகரும். மென்மையான மண்ணில் வைத்தால் 21 மில்லிமீற்றர். வலயம் மாறவில்லை, தாங்கி மாறவில்லை. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனோம், அவ்வளவுதான். ஒரே மாதிரி வரைபடத்தை எல்லா மாவட்டத்துக்கும் பிரதி எடுப்பது எங்கே இடிக்கிறது என்பது இதில் தெரிகிறது.

இன்னொரு விடயம், வரைபே கடன் வாங்கியது. எங்கள் நாட்டில் பொறியியலாளர்கள் பெரும்பாலும் இந்திய, அவுஸ்திரேலிய, ஐரோப்பிய நியமங்களைத்தான் எடுத்தாள்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கட்டமைப்புப் பொறியியலாளர் சங்கம் கொங்கிரீற்றுக்குள் கம்பி கட்டும் விதம் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நில அதிர்வைப் பதிவு செய்யும் நிலையங்களாக நீண்டகாலம் அறியப்பட்டவை நான்கு: பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல. இந்த நான்கில் ஒன்றும் வடமாகாணத்தில் இல்லை. வன்னிக்கு ஆகக் கிட்ட உள்ளது அனுராதபுர மாவட்டத்தின் மகாகனதராவ. பல்லேகலையில் அதிர்வு பதிவாவதும், முல்லைத்தீவு மணலில் ஒரு பம்பி அறையின் தரை எப்படி ஆடியது என்று தெரிவதும் ஒன்றல்ல.

இது பயமுறுத்துவதற்கான எழுத்தல்ல. இலங்கை புவித்தட்டு ஒன்றின் விளிம்பில் இல்லை, நடுவில் இருக்கிறது. 2020இல் திகன, விக்டோரியாப் பக்கம் உணரப்பட்டவை சிறு அதிர்வுகள். கொழும்பில் 1615 ஏப்ரல் 14ஆம் திகதி பெரும் நடுக்கம் வந்ததாகப் போர்த்துக்கேயர் காலத்துப் பிரசுரம் ஒன்று கூறுகிறது. அதை எவ்வளவு நம்பலாம் என்று ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அமைதியான நிலம் என்ற நற்சான்றிதழுக்கு நிரந்தரச் செல்லுபடி கிடையாது. மகாராஷ்டிராவின் லாத்தூர்ப் பகுதி அன்றைய இந்திய வரைபடத்தில் ஆகக் குறைந்த வலயத்தில் இருந்தது. 1993 செப்டெம்பர் 30ஆம் திகதி அதிகாலை அங்கு 6.2 அளவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். எங்களுக்கு இன்னும் கிட்டவாக, 2001 செப்டெம்பர் 25ஆம் திகதி புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்த நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த நியமப் பதிப்பில் சென்னை மூன்றாம் வலயத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தது.

கூடங்குளம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். மன்னார் நகரிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அங்கும் நியம வரைபடத்தில் இரண்டாம் வலயம்தான். ஆனால் அணு உலைக்கு அந்த வரைபடத்தைப் பார்த்து எண் எடுக்க விடமாட்டார்கள். அந்த இடத்துக்கென்றே தனியாக ஆராய்ந்து ஸ்பெக்ட்ரம் வரைய வேண்டும். பிறகு நிலத்து ஸ்பெக்ட்ரத்தைக் கட்டடத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் கொண்டுபோய்த் தளத்துக்குத் தளம் வேறு ஸ்பெக்ட்ரம் தயாரிப்பார்கள். ஏனென்றால் குழாய் நிலத்தில் நிற்பதில்லை, கட்டடத்தில் தொங்குகிறது. கட்டடம் தன் தாளத்தில் நிலத்தைப் பெருக்கிக் கொடுக்கும். நாற்பது மீற்றர் உயரத்தில் தொங்கும் குழாய்க்குத் தரைமட்ட வரைபைப் போடுவது, மாடியில் நிற்பவனின் ஆட்டத்தை முற்றத்தில் நின்று அளப்பது போன்றது. எங்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் மாடியில் ஓடும் ஒட்சிசன் குழாய்க்கும் தீயணைப்புக் குழாய்க்கும் இதே விதிதான்.

கணக்கில் வராத இடத்திலிருந்தும் ஆபத்து வரும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கல்பாக்கத்தில் நிலம் ஆட்டியதால் உலை நிற்கவில்லை. கடல் நீர் பம்பி அறைக்குள் புகுந்ததால் நிறுத்தினார்கள். அதே காலைதான் முல்லைத்தீவு நகரத்தைக் கடல் கொண்டுபோனது. அன்று உடைந்த குழாய்கள் எதையும் எந்த ஸ்பெக்ட்ரமும் காப்பாற்றியிருக்காது.

இந்த முறைக்கு எட்டாத இன்னொன்று, மண்ணுக்குள் புதைந்த குழாய். ஸ்பெக்ட்ரம் கணக்கு ஆடுவதற்கு இடமுள்ள குழாய்க்கு மட்டும் உரியது. புதைந்த குழாய் தனியாக ஆடாது. மண் போகிற பக்கம் போகும், மண் இழுபட்டால் இழுபடும். அங்கே பார்க்க வேண்டியது மூட்டுகள் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதையும், நிரப்பிய மண் எவ்வளவு இறங்கும் என்பதையும். 2007 ஜூலை 16ஆம் திகதி ஜப்பானின் கஷிவசாகி கரிவா அணுமின் நிலையத்தில் நடந்ததைச் சொல்வார்கள். நிலநடுக்கம் வடிவமைப்புக்கு எடுத்த ஸ்பெக்ட்ரத்தையே தாண்டியது. உலைகளின் முக்கியக் குழாய்கள் தாங்கின. மின்மாற்றி தீப்பிடித்தபோது அணைக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை, வெளியே நிலத்தடியில் போட்ட தீயணைப்புக் குழாய்கள் மண் இறங்கி உடைந்திருந்தன. 1906இல் சான் பிரான்சிஸ்கோ எரிந்ததும் இதே கதைதான். நீர்க்குழாய்கள் போய்விட்டன, தீ நாட்கணக்கில் நின்று எரிந்தது.

இப்போது ஏன்

போருக்குப் பிறகு வடக்கில் போட்ட குழாய்களைப் போல அதற்கு முன் எந்தக் காலத்திலும் போடப்படவில்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா என்று விவசாயிகள் போராடிய கதை எல்லோருக்கும் தெரியும். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல்நீரை மென்சவ்வின் ஊடாகத் தள்ளுவதற்குப் பெரிய அமுக்கம் வேண்டும். அந்தப் பெரிய அமுக்கக் குழாய்கள் நிலத்துக்கு மேலே, பம்பிகளோடு பிடிபட்டு, கரையோர மணலில் நிற்பவை. ஸ்பெக்ட்ரம் கணக்குக்கென்றே செய்த இடம் என்று சொல்லலாம்.

புதிய நீர்த்தாங்கி வரும்போது பிரதேச மட்டக் கூட்டங்களில் மக்கள் கேட்பது எப்போது தண்ணீர் வரும், மீற்றருக்கு எவ்வளவு என்பதை. நியாயமான கேள்விகள். அவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்க்கலாம், யாரும் கோபிக்கப் போவதில்லை. மண் பரிசோதனை இந்தக் காணியில்தான் செய்யப்பட்டதா, பக்கத்து மாவட்டத்து அறிக்கையா? நிலநடுக்கத்துக்கு எந்த நாட்டு நியமத்தின் எந்த வலயத்தை எடுத்தீர்கள்? தாங்கியோடு குழாய் சேரும் இடத்தில் வளைந்து கொடுக்கும் மூட்டு இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் பதில் கோப்பில் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தாங்கியின் அடியில் நிமிர்ந்து நின்று, குழாய் நேராகவே ஏறிச் சுவருக்குள் போகிறதா, அல்லது ஒரு வளைவோ றப்பர் மூட்டோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. இந்த மென்பொருள்களின் உரிமத்தைத் தனியாள் ஒருவர் வாங்குவது எட்டாத காரியம். ஆனால் மேலே செய்த நீர்த்தாங்கிக் கணக்குக்கு ஒரு கல்குலேட்டர் போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உருவான ஓப்பன்சீஸ் என்ற மென்பொருளைக் கல்விக்கும் ஆய்வுக்கும் இலவசமாகப் பெறலாம். முதலில் கையால் ஒரு விடை, பிறகு கணினியில் ஒரு விடை. இரண்டும் கிட்ட வராவிட்டால் கணினியை நம்ப வேண்டாம் என்கிறான் தம்பி.

போன மாதம் அவன் மறுபடியும் திரையைப் பகிர்ந்தான். அதே பொம்மைத் தாங்கி. அதில் ஏறும் 200 மில்லிமீற்றர் உருக்குக் குழாய். பாறை, நடுத்தர மண், மென்மண் என மூன்று வரைபையும் போட்டு ஓடவிட்டிருந்தான். திணிவுப் பங்கேற்பு 90 வீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் காட்டினான். பிறகு தாங்கி நகர்வைத் தனிச் சுமையாகக் கொடுத்த இடத்தைக் காட்டினான்.

"எந்த ஊருக்கு எண்டு தெரியாமல் வரையிறன் அக்கா. அதால 21க்கே வளைவு வைக்கிறன்" என்றான். திரையில் நேராக ஏறிக்கொண்டிருந்த குழாயின் அடியில், பக்கவாட்டாக இரண்டு மீற்றர் நீண்டு திரும்பும் ஒரு கால் சேர்ந்திருந்தது.